பின்கட்டில் பட்டறை, பாலிசியில் வெறும் வீடு

உய்யக்கொண்டான்ல தண்ணி வந்ததுல இருந்து நாத்தங்கால், உழவு, வரப்பு வெட்டுன்னு கை ஓயல. அதான் ரெண்டு வாரமா எழுத முடியல. இந்தத் தடவை நெல்லைப் பத்தியோ உர விலையைப் பத்தியோ எழுதப் போறதில்ல. வீட்டு இன்சூரன்ஸ். கொட்டாவி வருதா? கொஞ்சம் பொறுத்துப் படிங்க. வீட்டுக்கு லோன் போட்டவங்க, பின்கட்டுல லேத் வச்சவங்க, கூடத்துல நெல் மூட்டை அடுக்கினவங்க எல்லாருக்கும் இதுல சங்கதி இருக்கு.

ஒரு கேள்வியில இருந்துதான் இது கிளம்புச்சு. எனக்கு அண்ணன் முறை ஆகணும் அவர். நவல்பட்டுப் பக்கம் துப்பாக்கி ஃபேக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 1966-ல் அந்த ஃபேக்டரி வந்ததுல இருந்து நம்ம திருவெறும்பூர் வட்டாரத்துல எத்தனையோ குடும்பம் அந்தச் சம்பளத்துல பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்கு. வயலுக்கு வந்தவர் வரப்புல உக்காந்துக்கிட்டுச் சொன்னார்: "தம்பி, எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதான். லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிற பேங்க் காவலாளிங்க, பண்ணைக்காரங்க எல்லாம் ரிப்பேருக்கு அலையறாங்க. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு?"

கூட இருந்த நாலு பேரும் போலீஸ், கலெக்டர் ஆபீஸ்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் கேட்டது வேற. "அண்ணே, அந்த வீட்டு மேல லோன் இருக்கே, அதோட ஒரு இன்சூரன்ஸ் போட்டிருப்பாங்களே, அதுல என்ன எழுதியிருக்கு?" அவருக்குத் தெரியல. நம்ம ஊர்ல யாருக்குமே தெரியாது. அந்தக் காகிதம் பீரோவுல, கல்யாணப் பத்திரிகைங்களுக்கு நடுவுல கெடக்கும்.

முதல்ல துப்பாக்கிக் கதையை முடிச்சிடறேன், ஏன்னா அது சீக்கிரம் முடியும். 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துல துப்பாக்கி வச்சுக்கறதுக்கு ஒரு லைசென்ஸ், அதைச் செய்யவோ விக்கவோ ரிப்பேர் பார்க்கவோ வேற லைசென்ஸ். முதலாவது பிரிவு 3, ரெண்டாவது பிரிவு 5. ஃபேக்டரியில எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டிருந்தாலும் அந்த அனுபவம் லைசென்ஸ் ஆகாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம், லைசென்ஸ் இல்லாம ரிப்பேர் பார்த்தாக்கூட குறைஞ்சது ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பீகார்ல முங்கேர்னு ஒரு ஊர், துப்பாக்கி செய்யறதுல தலைமுறை தலைமுறையா பேர் போனது. அங்கேயே லைசென்ஸ் வாங்கின சின்ன யூனிட்டுகளை வீட்டுக்கு வீடு விடல, ஒரே வளாகத்துக்குள்ள வச்சிருக்காங்க. நம்ம ஊர்ப் பின்கட்டுக்கு விடுவாங்களா?

ஒரு பேச்சுக்கு லைசென்ஸ் கிடைச்சிடுச்சுன்னே வைங்க. அப்பவும் வீட்டுப் பாலிசி நிக்காது. வெடிபொருளைப் பாலிசியில தனியா எழுதிச் சேர்க்காத வரைக்கும் அதுக்குக் காப்பீடு கெடையாது. ரிப்பேருக்கு வந்த துப்பாக்கி உங்களோடது இல்ல, அடுத்தவங்களோடது; வீட்டுச் சாமான் கணக்குல வராது. அமெரிக்காவுல வீட்டுலயே துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறவங்க நிறையப் பேர் உண்டு, மத்திய அரசு லைசென்ஸோட. அவங்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே பரவலா இருக்கிற வீட்டுப் பாலிசி மாதிரியில, வீட்டுக்குள்ள வச்சிருக்கிற தொழில் சாமானுக்கு 2,500 டாலர் வரைக்கும்தான் கொடுப்பாங்க. ஒரு நல்ல மெஷினுக்கே அது பத்தாது. அதனால தொழிலுக்குன்னு தனி பாலிசி எடுக்கிறாங்க, இல்லன்னா வீட்டுப் பாலிசியோட கூடுதல் பணம் கட்டித் தொழிலையும் சேர்த்து எழுத வைக்கிறாங்க. சொல்லாம நடத்தினவங்க தீ பிடிச்ச அப்புறம் மாட்டிக்கிறாங்க. நாடு எதுவானாலும் இன்சூரன்ஸ்காரன் கேக்கிறது ஒண்ணுதான்: இது வீடா, கடையா?

அண்ணன் துப்பாக்கி யோசனையை விட்டுட்டு லேத் பக்கம் திரும்பிட்டார். அங்கேதான் நம்ம ஊரோட உண்மையான பிரச்சினை ஆரம்பிக்குது.

துவாக்குடி, வாழவந்தான்கோட்டை சிட்கோ ஷெட்டுகளைப் பார்த்திருப்பீங்க. அது கண்ணுக்குத் தெரியற தொழில். தெரியாத தொழில் வீடுகளுக்குப் பின்னாடி இருக்கு. பெல் கம்பெனியை நம்பி வளர்ந்த ஊர் இது. ரிட்டயர்மென்ட் பணத்துல ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், ஒரு கேஸ் கட்டிங் செட் வாங்கிப் பின்கட்டுல ஷீட் போட்டு வேலை ஆரம்பிச்சவங்களை எனக்கே பத்துப் பதினஞ்சு பேர் தெரியும். பெரிய யூனிட்டுகிட்ட இருந்து ஜாப் ஒர்க் எடுப்பாங்க. என் டிராக்டர் கலப்பைக்கு புஷ் கடைஞ்சு கொடுக்கிறவரும் அப்படித்தான். அவங்க இல்லாட்டி எங்க விவசாயம் நிக்கும், ஒரு போல்ட்டுக்குத் திருச்சி டவுனுக்கு ஓடணும்.

அவங்கள்ல ஒருத்தருக்கு ஆனதைச் சொல்றேன். ஊர், பேர் வேண்டாம். ராத்திரி எட்டு மணி வரைக்கும் கிரைண்டிங் ஓட்டிட்டு ஷட்டரை இறக்கிட்டுப் போயிருக்கார். எண்ணெய்த் துணியும் காட்டன் வேஸ்ட்டும் ஒரு மூலையில. பொறி ஒண்ணு அதுல உக்காந்திருக்கணும். நடுராத்திரிக்குப் பட்டறை மட்டும் இல்ல, ஒட்டி இருந்த சமையக்கட்டு, அதுக்கு மேல பரண்ல பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்து வச்சிருந்த சீர்ப் பாத்திரம், மர பீரோ எல்லாம் போச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகல, மாரியாத்தா புண்ணியம். வீட்டு லோனோட எடுத்த பாலிசி இருந்தது, வருஷா வருஷம் பணமும் பிடிச்சிருக்காங்க. சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், இ.பி. அட்டையைக் கேட்டார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பக்கக் கடிதம் வந்தது. குடியிருப்புன்னு சொல்லி எடுத்த கட்டடத்துல தொழில் நடந்திருக்கு, அதைத் தெரிவிக்கல, கிளெய்ம் மறுக்கப்படுதுன்னு. பட்டறைக்கு இல்லன்னா அவர் ஏத்துக்கிட்டிருப்பார். சமையக்கட்டுக்கும் சேர்த்து இல்லன்னுட்டாங்க.

அந்தக் கடிதத்தை அவர் என்கிட்ட நீட்டினப்போ எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறல. ஆனா கோவப்பட்டா மட்டும் ஆகாதுன்னு, அந்தப் பாலிசி வகையை உக்காந்து படிச்சேன்.

2021 ஏப்ரல் 1-ல் இருந்து எல்லா பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் வீட்டுக்குன்னு ஒரே மாதிரிப் பாலிசி விக்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டுச்சு. பேரு பாரத் கிருஹ ரக்ஷா. நல்ல பாலிசிதான், குறை சொல்லக் கூடாது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உண்டு. கட்டடத்துக்கு 30 லட்சம் போட்டா, அதுல 20 சதவீதம், அதாவது 6 லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாவே சேர்ந்துடும். பட்டியல் கொடுக்க வேண்டியதில்ல. அப்படித் தானா வர்றதுக்கு உச்ச வரம்பு 10 லட்சம். மதிப்பைக் குறைச்சுப் போட்டிருந்தாலும் கிளெய்ம்ல வெட்டு விழாது. திருட்டு மட்டும் கவனிக்கணும்: தீயோ வெள்ளமோ நடந்து ஏழு நாளுக்குள்ள நடந்த திருட்டுக்குத்தான் பணம். சும்மா பூட்டை உடைச்சா இதுல வராது.

ஆனா இது முழுக்க முழுக்க குடியிருக்கிற வீட்டுக்கான பாலிசி. வீட்டுச் சாமான்னா கட்டில், ஃபிரிட்ஜ், துணிமணி, பாத்திரம். லேத்து வராது. ஜாப் ஒர்க்குக்கு வந்த அடுத்தவன் இரும்பு வராது. வீட்டோட உபயோகம் மாறினா கம்பெனிக்குத் தெரிவிக்கணும். தொழிலுக்குன்னு அதே நாள்ல வேற பாலிசி வந்துச்சு: பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரு இடத்துல இருக்கிற மொத்த மதிப்பு 5 கோடி வரைக்கும் உள்ள சின்னத் தொழிலுக்கு இது. இதுல வெட்டு உண்டு. பத்து லட்ச ரூபாய் மெஷினை அஞ்சு லட்சத்துக்குப் போட்டிருந்தா, ரெண்டு லட்சம் நஷ்டத்துக்கு ஒரு லட்சம்தான் கிடைக்கும். 15 சதவீதம் வரைக்கும் குறைச்சுப் போட்டிருந்தா மன்னிச்சு விட்டுடறாங்க. அடுத்தவங்க சாமான் உங்க பொறுப்புல இருந்தா அதையும் பாலிசியில சொல்லி எழுத வைக்கணும்.

ஆக, வீட்டுக்கு ஒண்ணு, தொழிலுக்கு ஒண்ணு. டவுன்ல உக்காந்து யோசிச்சா சரியாத்தான் தெரியும். வீடு ஒரு தெரு, கடை ஒரு தெரு. இங்கே எங்க வீடு எது, பட்டறை எது? நடுவுல ஒரு ஒத்தைக்கல்லு செவுரு. அந்தப் பக்கம் வெல்டிங், இந்தப் பக்கம் சாம்பார். தீ அந்தக் கோட்டைப் பார்த்து நிக்குமா?

பட்டறைக்காரனை விடுங்க, நம்மளை எடுத்துக்குங்க. அறுவடை முடிஞ்சு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு திருப்பி அனுப்பறாங்க. நெல் எங்கே வருது? கூடத்துக்கு. வயல்ல நிக்கிற வரைக்கும் பயிர்க் காப்பீடு உண்டு. அறுத்து வயல்லயே காயப்போட்டிருந்தா 14 நாள் வரைக்கும் புயல் மழை சேதத்துக்கு வழி இருக்கு. வீட்டுக்குள்ள வந்துட்டா அது பயிரும் இல்ல, விக்க வச்ச நெல்லுங்கிறதால வீட்டுச் சாமானும் இல்ல. எந்தக் காகிதத்துலயும் பேர் இல்லாத அனாதை நெல். மாட்டுக்குத் தனி இன்சூரன்ஸ். பம்ப்செட்டுக்குத் தனி. கீத்துக் கொட்டகையா இருந்தா அது கச்சா கட்டடம், அதைத் தனியாச் சொல்லணும். வைக்கப்போர் கதையைக் கேக்கவே வேண்டாம். ஒரு சம்சாரி ஒழுங்கா இன்சூரன்ஸ் போடணும்னா அஞ்சு பாலிசி, அஞ்சு ஏஜென்ட், அஞ்சு தேதி.

என் கருத்து இதுதான். தப்பு பெருசா இருக்கிறது பாலிசியில இல்ல, அதை விக்கிற விதத்துல. லோன் கையெழுத்துப் போடற அன்னைக்கு முப்பது காகிதத்துக்கு நடுவுல அதுவும் ஒண்ணு. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு விரலைக் காட்டுவாங்க. குடியிருப்புங்கிற கட்டத்துல டிக் அடிச்சது யாரு? ஆபீஸ்ல இருக்கிற தம்பி. லோனுக்கு வீடு பார்க்க வந்த என்ஜினீயர் பட்டறையைப் பார்த்திருப்பார், அங்கேயே டீ குடிச்சிருப்பார். ஒருத்தரும் "ஐயா, இந்த வீட்டுல என்ன வேலை நடக்குது?"ன்னு கேக்கல. பணம் வாங்கும்போது கேக்காத கேள்வியை, பணம் கொடுக்கும்போது மட்டும் கேக்கிறாங்க.

இன்னொரு பக்கம் நம்ம ஊர் புத்திமதி. "சொல்லாத, சொன்னா பிரீமியம் ஏத்துவான்." இ.பி.யிலயும் அதேதான்: வீட்டு மீட்டர்லயே லேத் ஓட்டு, தனி சர்வீஸ் வாங்கினா செலவு. பிடிபட்டா 2003-ஆம் வருஷ மின்சாரச் சட்டம் பிரிவு 126 படி ரெண்டு மடங்கு கட்டணம் போடுவான். அதை விடுங்க, அந்த வீட்டு மீட்டர்தான் நாளைக்கு சர்வேயர் கையில சாட்சியா நிக்குது. அதே ஆளு வேற ஆபீஸ்ல போய் உத்யம் பதிவு பண்ணி, தொழில் முகவரின்னு இதே வீட்டைக் கொடுத்து, தொழில் லோன் வாங்கியிருப்பார். அரசாங்கச் சான்றிதழ்ல அது பட்டறை, இன்சூரன்ஸ்ல அது வீடு, இ.பி.யிலயும் வீடு. இந்த மூணு காகிதத்தையும் ஒரே மேசையில வச்சுப் பார்க்க கம்பெனிக்காரனுக்கு அரை மணி நேரம் போதும். பிரீமியத்துல சில ஆயிரம் மிச்சம் பிடிச்சு, வீட்டையே பணயம் வைக்கிற கணக்கு இது. நம்ம அப்பத்தா காலத்துல இப்படிக் கணக்குப் போட்டிருந்தா ஒரு சென்ட் நிலம்கூட மிஞ்சியிருக்காது.

சொன்னவனைக் கோர்ட்டும் கைவிடல. 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு, டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. கடை இருந்தது தரைக்குக் கீழ, பேஸ்மென்ட்ல. பாலிசி ஷரத்துல பேஸ்மென்ட்டுக்குக் காப்பீடு கெடையாதுன்னு இருக்கு. ஆனா கம்பெனி ஆளே வந்து கடையைப் பார்த்துட்டுத்தான் பாலிசி கொடுத்திருக்கான், பிரீமியமும் வாங்கியிருக்கான். தீ பிடிச்ச அப்புறம் ஷரத்தைக் காட்டினான். நீதிமன்றம் அதை ஏத்துக்கல. பேஸ்மென்ட்னு தெரிஞ்சே வித்துட்டு, அப்புறம் பேஸ்மென்ட்டுக்குக் கெடையாதுங்கிறது நியாயமான ஒப்பந்தமே இல்லன்னு சொல்லிடுச்சு. இதுல நமக்கு இருக்கிற சங்கதி என்னன்னா, கம்பெனிக்குத் தெரியும்கிறதைக் காட்ட அந்தக் கடைக்காரர்கிட்ட ஆதாரம் இருந்தது. என்ஜினீயர் நம்ம பட்டறையில டீ குடிச்சதுக்கு ஆதாரம் ஏது?

அதனால ஆதாரத்தை நாமளே உண்டாக்கணும். ஒரு வெள்ளைத்தாள் போதும். "எனது வீட்டின் பின்புறம் இத்தனை அடிக்கு இத்தனை அடி ஷெட்டில் லேத், வெல்டிங் வேலை நடக்கிறது, இன்னின்ன மெஷின் உள்ளது, இத்தனை சிலிண்டர் இருக்கும்" அப்படின்னு தமிழ்லயே எழுதி, பாலிசி நம்பரைப் போட்டு, கம்பெனி கிளையிலயும் லோன் கொடுத்த பேங்க்லயும் கொடுத்து, நகல்ல சீல் வாங்கி வச்சுக்கணும். சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததுக்கான அத்தாட்சியோட. பட்டறைக்குத் தனி பாலிசி எடுக்கச் சொல்வாங்க, எடுங்க. முடிஞ்சா ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கட்டும். நடுவுல செவுரு எரிஞ்சா இவன் அவனைக் காட்ட, அவன் இவனைக் காட்ட வழி இருக்காது. மெஷின் வாங்கின பில்லையும், ஜாப் ஒர்க் சாமான் வந்த சலானையும் போனுல போட்டோ எடுத்து வெளியூர்ல இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வைங்க. பில் பட்டறையிலயே இருந்தா அதுவும் சேர்ந்து எரியும். 2024 ஜூன்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட சுற்றறிக்கையில, ஆவணம் இல்லங்கிற காரணத்தை மட்டும் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டதுக்கு அது கேடயம் ஆகாது.

இந்தச் சுமை எல்லாத்தையும் நம்ம தலையில ஏத்திட்டுக் கம்பெனியைச் சும்மா விடறதும் எனக்குச் சம்மதம் இல்ல. பாதுகாப்புத் தொழில் வழித்தடம்னு 2019 ஜனவரியில நம்ம திருச்சியிலதான் தொடங்கி வச்சாங்க. சென்னை, கோயம்புத்தூர், சேலம், ஓசூரோட திருச்சியும் அதுல ஒரு மையம். சின்னப் பட்டறைகளுக்கு வேலை வரும், வளருங்கன்னு மேடையில பேசறாங்க. அந்தச் சின்னப் பட்டறை எங்கே இருக்குன்னு பார்த்தா, முருங்கை மரத்துக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல இருக்கு. வீடும் ஷெட்டும் கொட்டகையும் கூடத்து நெல்லும் சேர்ந்து ஒரே பாலிசி ஏன் இருக்கக் கூடாது? பிரீமியம் கூடட்டும், கட்டறோம். விண்ணப்பத்துல தமிழ்ல ஒரே ஒரு வரி சேருங்க: இந்த வீட்டில் குடியிருப்பதைத் தவிர வேறு என்ன வேலை நடக்கிறது? அதுக்குக் கீழ நாலு கோடு இடம் விடுங்க. விக்கிறவர் அதை வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும்னு விதி போடுங்க.

முன்னே சொன்னேனே, சமையக்கட்டு எரிஞ்சவர், அவரை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்ட எழுதச் சொல்லியிருக்கேன். தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னையில இருக்கு. வக்கீல் வேண்டாம், கட்டணம் கெடையாது. முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார் கொடுத்திருக்கணும். அவன் மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அங்கே போகணும். 50 லட்சம் வரைக்கும் அவங்க தீர்ப்பு சொல்லலாம். தனி ஆள் பாலிசி மட்டும் இல்ல, ஒத்தை முதலாளி நடத்தற சின்னத் தொழில் பாலிசியும் அங்கே எடுத்துக்குவாங்க. அது சரிப்படலன்னா திருச்சியிலயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. அங்கே ரெண்டு வருஷம் அவகாசம். பட்டறைக்குப் பணம் வருதோ இல்லையோ, சமையக்கட்டுக்கும் பாத்திரத்துக்குமாவது கேளுங்கன்னு சொல்லியிருக்கேன். பட்டறையை மறைச்சதா நீங்க சொல்றீங்க, சமையக்கட்டுல சமையல்தானேய்யா நடந்துச்சுங்கிறது அவரோட வாதம். எனக்கு அது நியாயமாப் படுது. உங்களுக்கு?

இதே மாதிரி உங்க ஊர்ல யாருக்காவது நடந்து, பணம் வந்திருந்தாலோ வராம போயிருந்தாலோ எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், கடிதத்துல என்ன காரணம் எழுதியிருந்தாங்கங்கிறது போதும். நாளைக்குக் காலையில நாத்துப் பறிக்க ஆள் வர்றாங்க, நான் கெளம்பறேன்.